தேவதைக் கதைகளின் இருண்ட மறுபுனைவுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சின்ட்ரெல்லாவின் கையில் கத்தி, ஸ்னோ ஒயிட்டின் உதட்டில் ரத்தம், ஓநாயோடு ஓநாயாக நிற்கும் சிவப்புத் தொப்பிக்காரி. ஆங்கிலப் புத்தகக் கடைகளில் யங் அடல்ட், அதாவது பதின்வயதினருக்கான அலமாரியைப் பார்த்தால் இப்படிப்பட்ட அட்டைகள் வரிசைகட்டி நிற்கின்றன. பிள்ளைகள் ஆசையாக வாங்கி வருகிறார்கள், பெற்றோர் அட்டையைப் பார்த்துத் திகைக்கிறார்கள், எழுதும் ஆர்வமுள்ள இளைஞர்கள் நாமும் முயன்று பார்க்கலாமா என்கிறார்கள். இந்த நாவல்களையும் அவற்றின் பழைய வடிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே.

இவை என்ன மாதிரியான கதைகள்?

பழைய தேவதைக் கதை ஒன்றின் எலும்புக்கூட்டை எடுத்துக்கொண்டு புதிதாக உடம்பு கொடுத்து எழுதப்படும் ஃபேண்டஸி நாவல்கள். நாயகிக்கு 16, 17 வயது இருக்கும். பெரும்பாலும் அவளே கதையைச் சொல்வாள். மந்திரம் இலவசமாகக் கிடைக்காது. காட்டுக்குள் போனவர்கள் எல்லோரும் திரும்ப மாட்டார்கள். இளவரசன் நல்லவன் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

தமிழ் வாசகருக்கு இந்த வேலை புதிதில்லை. அகலிகைக்குச் சாபம் நீங்கியது என்று புராணம் கதையை முடித்த இடத்தில்தான் புதுமைப்பித்தனின் 'சாபவிமோசனம்' சூடு பிடிக்கிறது. சீதையைத் தீக்குளிக்கச் சொன்னது ராமன்தான் என்று தெரிந்ததும் அகலிகை மறுபடியும் கல்லாகிப் போகிறாள். பழைய கதை கேட்காமல் விட்ட கேள்வியை அந்தச் சிறுகதை கேட்கிறது. இளையோர் ஃபேண்டஸியிலும் உருப்படியானவை அதையேதான் செய்கின்றன.

குழந்தைகள் கதைக்குள் எதற்கு இவ்வளவு கொடூரத்தைத் திணிக்கிறார்கள்?

யாரும் திணிக்கவில்லை. அது முதலிலிருந்தே உள்ளே இருந்தது.

ஸ்லீப்பிங் பியூட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். நேப்பிள்ஸ்காரரான ஜாம்பட்டிஸ்டா பசிலேயின் கதைத் தொகுப்பு அவர் இறந்த பிறகு 1634 முதல் 1636 வரை அச்சானது. அதில் தாலியா என்ற பெண் விரலில் சணல் சிராய் ஏறி நினைவிழந்து கிடக்கிறாள். வேட்டைக்கு வந்த அரசன் ஒருவன் அவளைக் கூப்பிட்டுப் பார்க்கிறான், அவள் எழவில்லை. அந்த நிலையிலேயே அவளை வன்புணர்ந்துவிட்டுப் போகிறான், பிறகு மறந்தும் போகிறான். தூக்கத்திலேயே அவளுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறக்கின்றன. பால் தேடிய குழந்தை தாயின் விரலைச் சப்புகிறது, சிராய் வெளியே வருகிறது, அவள் விழிக்கிறாள். முத்தம் எங்கேயும் இல்லை. அரசனுக்கு ஏற்கெனவே மனைவி உண்டு. அந்த அரசி குழந்தைகளைக் கறியாகச் சமைத்துக் கணவனுக்கே பரிமாறச் சொல்கிறாள். சமையல்காரன் மனம் இரங்கி ஆட்டுக்குட்டிகளைச் சமைத்து வைத்ததால் குழந்தைகள் பிழைக்கின்றன.

பிரான்சில் சார்ல் பெரோ 1697இல் இதே கதையைத் தன் தொகுப்பில் வெளியிட்டபோது வன்புணர்வு காணாமல் போனது. பொறாமைக்கார மனைவியின் இடத்தில் மாமியார் வந்து உட்கார்ந்தாள். அவள் மனிதரைத் தின்னும் குலத்தில் பிறந்தவள். பேத்தியைச் சமைக்கச் சொல்லும்போது, வெங்காயமும் கடுகும் போட்டுச் செய்யும் ரோபேர் சாஸோடு வேண்டும் என்று கேட்கிறாள். அந்த சாஸ்தான் எனக்கு மயிர்க்கூச்செறியும் இடம். வீட்டுச் சமையலறைக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பொருளை வைத்து இவ்வளவு பயமுறுத்த முடியும் என்பதை பெரோ 300 வருடத்துக்கு முன்பே அறிந்திருக்கிறார்.

டென்மார்க்கின் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1837இல் எழுதிய கடற்கன்னி கதையில் அவள் நாக்கு அறுக்கப்படுகிறது. காலுக்காக அவள் கொடுத்த விலை அது. அந்தக் காலால் வைக்கும் ஒவ்வோர் அடியும் கத்திமேல் நடப்பது போல வலிக்கிறது. இளவரசன் வேறொருத்தியைக் கட்டிக்கொள்கிறான். அவனைக் கொன்றால் நீ பிழைக்கலாம் என்று, தங்கள் தலைமுடியை விலையாகக் கொடுத்து வாங்கிய கத்தியை அக்காக்கள் நீட்டுகிறார்கள். அவள் கத்தியைக் கடலில் எறிந்துவிடுகிறாள். இன்றைய எந்த இருண்ட நாவலும் இதைத் தாண்டிவிட்டதாக நான் நினைக்கவில்லை.

கிரிம் சகோதரர்கள் குழந்தைகளுக்காகத்தானே தொகுத்தார்கள்?

ஆரம்பத்தில் அப்படி இல்லை. யாகோபும் வில்ஹெல்மும் ஜெர்மானிய மொழி, பழமரபு ஆய்வாளர்கள். 1812இல் வந்த முதல் தொகுதியில் படங்கள் கிடையாது, ஆய்வுக் குறிப்புகள் இருந்தன. தலைப்பில் குழந்தைகள் என்று போட்டிருந்ததால் வாங்கியவர்களில் சிலர் இது பிள்ளைகள் கையில் கொடுக்கக்கூடியதா என்று கண்டித்தார்கள். அதன்பின் பதிப்புக்குப் பதிப்பு மாற்றங்கள் நடந்தன, பெரும்பாலும் வில்ஹெல்மின் கையால். இன்று உலகம் படிப்பது 1857இல் வந்த ஏழாம் பதிப்பு. நடுவில் 45 வருடத் திருத்தம் இருக்கிறது.

வில்ஹெல்ம் எதை எடுத்தார், எதை விட்டுவைத்தார் என்று பார்த்தால்தான் இன்றைய மறுபுனைவுகள் ஏன் இப்படி எழுதப்படுகின்றன என்பது விளங்கும்.

ரபன்சல் 1812 பதிப்பில் கோபுரத்திலிருந்தபடி, தன்னை அடைத்துவைத்திருக்கும் கிழவியிடம் அப்பாவியாகக் கேட்கிறாள்: என் உடுப்பெல்லாம் ஏன் இவ்வளவு இறுக்கமாகிவிட்டது, போடவே முடியவில்லையே? அவள் கர்ப்பமாக இருக்கிறாள், அது என்னவென்றே அவளுக்குத் தெரியாது. பிந்தைய பதிப்பில் அந்த வரி போய்விட்டது. இளவரசனைவிட உங்களைத் தூக்குவது கனமாக இருக்கிறதே என்று உளறி மாட்டிக்கொள்கிறாள். கதை முடிவில் இரட்டைக் குழந்தைகள் மட்டும் அப்படியே நிற்கின்றன. ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொன்னவள் 1812இல் அவளைப் பெற்ற தாய். 1819இல் அவள் மாற்றாந்தாய் ஆனாள். ஹான்சலையும் கிரெட்டலையும் பஞ்சத்தில் காட்டில் விட்டுவரச் சொன்னதும் முதலில் பெற்றவள்தான். அவளும் பின்னாளில் மாற்றாந்தாய் ஆக்கப்பட்டாள்.

வன்முறையோ குறையவில்லை. சில இடங்களில் கூடியது. சின்ட்ரெல்லாவின் சகோதரிகளில் ஒருத்தி செருப்புக்குள் நுழைய பெருவிரலை வெட்டிக்கொள்கிறாள், இன்னொருத்தி குதிகாலைச் சீவிக்கொள்கிறாள். கத்தியைக் கொடுப்பது அவர்களைப் பெற்ற தாய். ராணியாகிவிட்டால் நடக்கவே வேண்டாமே என்று சமாதானம் சொல்கிறாள். இந்த வெட்டு முதல் பதிப்பிலேயே உண்டு. கல்யாணத்தன்று புறாக்கள் அந்தச் சகோதரிகளின் கண்களைக் கொத்திக் குருடாக்கும் காட்சி 1819இல் புதிதாகச் சேர்ந்தது. பிள்ளைகள் ஒருவரையொருவர் கசாப்புக் கடை விளையாட்டில் கொல்லும் கதை போன்ற சில மட்டும் முழுதாக நீக்கப்பட்டன.

ஆக உடலைப் பற்றிய பேச்சும் தாயின் குற்றமும் வெளியேற்றப்பட்டன, தண்டனை வீட்டில் தங்கியது. இன்றைய பெண் எழுத்தாளர்கள் திருப்பி எடுத்துவருவது வெளியேற்றப்பட்ட அந்த இரண்டையும்தான். பெற்றவளே பகையாகும் வீடு, தன் உடம்பைப் பற்றி யாரும் எதுவும் சொல்லித்தராத ஒரு பெண்: இவை பதின்வயதுப் பிள்ளைகளுக்குத் தொலைதூர விஷயங்கள் இல்லை.

அப்படியானால் எது ஒரிஜினல்?

அப்படி ஒன்று இல்லை. சின்ட்ரெல்லாவின் எழுத்து வடிவங்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று சீனாவில் 9ஆம் நூற்றாண்டில் துவான் செங்ஷி எழுதிவைத்த யே ஷியன் கதை. அதில் வரம் தருவது ஒரு மீனின் எலும்புகள். கடைசியில் மாற்றாந்தாயும் அவள் மகளும் பறந்து வந்த கற்களால் அடிபட்டுச் சாகிறார்கள். பசிலேயின் சின்ட்ரெல்லா பேழையின் மூடியை முதல் மாற்றாந்தாயின் கழுத்தில் போட்டுக் கொன்றவள். 'உண்மையான மூலக்கதை இதுதான்' என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம்.

நாயகி தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்வது இன்றைய பெண்ணியம் புகுத்தியதுதானே?

இந்தக் கேள்விக்கு பதில் சொல்வதில் எனக்குத் தனி உற்சாகம் உண்டு.

பெரோவின் சிவப்புத் தொப்பிச் சிறுமியை ஓநாய் தின்றுவிடுகிறது. கதை அத்தோடு முடிகிறது, அழகான பெண்கள் அந்நியர் பேச்சைக் கேட்கக்கூடாது என்ற நீதிப்பாட்டு மட்டும் பாக்கி. கிரிம் கதையில் வேட்டைக்காரன் ஒருவன் வந்து ஓநாயின் வயிற்றைக் கிழித்து அவளை எடுக்கிறான். இரண்டிலும் ஓநாயின் வாயிலிருந்து அவள் தானாகத் தப்புவதில்லை.

பிரான்சின் நியேவ்ர் பகுதியில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாய்மொழியாகப் பதிவான வடிவம் வேறு மாதிரி போகிறது. பின்னாளில் நாட்டார் கதை ஆய்வாளர் போல் தெலாரூ அதை அச்சில் கொண்டுவந்தார். வழியில் எதிர்ப்படுபவன் ஓநாய் மனிதன். ஊசிப் பாதையில் போகிறாயா, குண்டூசிப் பாதையில் போகிறாயா என்று கேட்கிறான். முந்திக்கொண்டு போய்ப் பாட்டியைக் கொன்று, கொஞ்சம் இறைச்சியை அலமாரியிலும் ரத்தத்தைப் புட்டியிலும் எடுத்து வைக்கிறான். பசியோடு வந்த பேத்தி தெரியாமல் அவற்றைச் சாப்பிடுகிறாள். பிறகு உடுப்பை ஒவ்வொன்றாகக் கழற்றி நெருப்பில் போடச் சொல்கிறான், இனி உனக்கு இது தேவைப்படாது என்கிறான். படுக்கையில் படுத்த பின்தான் அவளுக்கு விஷயம் புரிகிறது. பாட்டி, எனக்கு வெளியே போக வேண்டும் என்கிறாள். படுக்கையிலேயே போ என்கிறான். முடியாது, வெளியே போக வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். காலில் ஒரு கம்பளிக் கயிற்றைக் கட்டி அனுப்புகிறான். அவள் கயிற்றை அவிழ்த்து முற்றத்து பிளம் மரத்தில் கட்டிவிட்டு ஓடிவிடுகிறாள். அவன் துரத்திக்கொண்டு வந்து சேரும்போது அவள் வீட்டுக்குள் நுழைந்துவிட்டாள்.

இது பெரோவுக்குப் பிறகு பதிவானது என்பது உண்மை. ஆனால் பெரோவின் புத்தகத்தில் இல்லாத இவ்வளவு விஷயங்கள் கிராமத்து வாயில் உயிரோடு இருந்திருக்கின்றன. வேட்டைக்காரன் தேவைப்படாத சிறுமியை நாவலாசிரியர்கள் இன்று புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. சொல்லிக்கொண்டிருந்த பெண்களுக்கு அவளை ஏற்கெனவே தெரியும்.

டிஸ்னிதான் எல்லாவற்றையும் இனிப்பாக்கியதா?

டிஸ்னிக்கு முன்பே தொடங்கிவிட்டது. கிரிம் கதைகளை எட்கர் டெய்லர் 1823இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தபோதே ஸ்னோ ஒயிட்டின் ராணி ஆத்திரத்தில் மூச்சடைத்து, நோயில் விழுந்து இறந்துபோனாள். ஜெர்மனில் அவளுக்குப் பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்பு. 1937இல் வந்த டிஸ்னி படத்தில் அவள் பாறையிலிருந்து விழுகிறாள். அந்தப் படத்தில் ஸ்னோ ஒயிட் காட்டுக்குள் ஓடும் காட்சியை மறுபடி பாருங்கள், மரங்கள் கையை நீட்டிப் பிடிக்க வரும். பயத்தை டிஸ்னி அறவே விட்டுவிடவில்லை.

ஏன் குறிப்பாகப் பதின்வயதினருக்கு?

பழைய கதைகளிலேயே வயதைப் பாருங்கள். ரபன்சல் கோபுரத்தில் அடைக்கப்படுவது 12 வயதில். கிரிம் கதையின் தூங்கும் இளவரசிக்கு நூல் நூற்கும் கதிர் குத்துவது சரியாக 15 வயது நிறையும் நாளில். ஆண்டர்சனின் கடற்கன்னி கடலுக்கு மேலே வர அனுமதி பெறுவதும் 15இல்தான். வீட்டை விட்டு வெளியேறும் வயது, உடம்பு மாறும் வயது, பெரியவர்கள் சொன்னதெல்லாம் உண்மையில்லை என்று முதன்முதலாகப் பிடிபடும் வயது. இந்தக் கதைகள் சின்னக் குழந்தைகளிடம் போய்ச் சேர்ந்தது பின்னாளில் நடந்தது. பதின்வயதினர் அலமாரிக்கு வந்ததை வீடு திரும்புதல் என்றே நான் சொல்வேன்.

'பியூட்டி அண்ட் த பீஸ்ட்' வகைக் கதைகள் அடைத்துவைப்பவனைக் காதலிக்கச் சொல்லித்தருகின்றனவா?

சில நாவல்கள் அப்படித்தான் செய்கின்றன, அதை மறைப்பதில் பயனில்லை. பழைய கதை இந்த விஷயத்தில் பலவற்றைவிட நேர்மையாக இருந்தது. 1740இல் மதாம் த வில்னேவ் எழுதிய நீண்ட வடிவத்தில் மிருகம் ஒவ்வோர் இரவும் தன் மாளிகையில் இருக்கும் பெண்ணிடம் என்னோடு படுப்பாயா என்று கேட்கும். அவள் மாட்டேன் என்பாள், அது போய்விடும். 1756இல் லெப்ரான்ஸ் த போமோன் என்ற ஆசிரியை சிறுமிகளுக்காகச் சுருக்கியபோது கேள்வி 'என்னை மணப்பாயா' என்று மாறியது. இரண்டிலும் அவள் சொல்லும் மறுப்புக்கு மதிப்பு இருக்கிறது, அவள் வீட்டுக்குப் போகவும் முடிகிறது. புதிய நாவலைக் கையில் எடுக்கும்போது நான் முதலில் தேடுவது அதைத்தான். அவள் வேண்டாம் என்றால் கதை காது கொடுக்கிறதா?

நல்ல மறுபுனைவை எப்படிக் கண்டுபிடிப்பது?

ரத்தத்தின் அளவை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. ஸ்னோ ஒயிட்டின் முடிவையே பார்ப்போம். கிரிம் கதையில் ராணி கல்யாண விருந்துக்கு வருகிறாள். இரும்புச் செருப்புகள் அதற்கு முன்பே கனலில் வைக்கப்பட்டிருக்கின்றன. இடுக்கியால் எடுத்துவந்து அவள் முன்னால் வைக்கிறார்கள். அவள் அவற்றைப் போட்டுக்கொண்டு செத்து விழும்வரை ஆட வேண்டும். யார் வைக்கச் சொன்னது? கதை சொல்லவில்லை. மணப்பெண் எங்கே உட்கார்ந்திருந்தாள், பார்த்தாளா, கண்ணை மூடிக்கொண்டாளா? அதுவும் இல்லை.

மட்டமான மறுபுனைவு இந்த ஆட்டத்தை இன்னும் இரண்டு பக்கம் நீட்டும். நல்ல மறுபுனைவு அந்த மணப்பெண்ணின் நாற்காலியில் போய் உட்காரும். அவள்தான் உத்தரவு கொடுத்தாள் என்றால், அடுத்த ராணி எப்படிப்பட்டவள் ஆவாள்? அவள் கொடுக்கவில்லை என்றால், தன் கல்யாணத்திலேயே இதைச் செய்த கணவனோடு அவள் எப்படி வாழ்வாள்? கண்ணாடிப் பெட்டியில் பிணமாகக் கிடந்த பெண்ணை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிய இளவரசன் அவன் என்பதையும் அந்த எழுத்தாளர் மறக்க மாட்டார்.

நடந்த கொடுமைக்குப் பின்விளைவு இருக்க வேண்டும் என்பது என் எதிர்பார்ப்பு. மூன்றாம் அத்தியாயத்தில் கை வெட்டுப்பட்டவள் ஏழாம் அத்தியாயத்தில் வில் வளைத்தால் நான் புத்தகத்தை மூடிவிடுவேன். வில்லியின் மேல் இரக்கம் காட்டலாம், தாராளமாக. ஆனால் சின்ன வயதில் அவளும் கஷ்டப்பட்டாள் என்ற ஒரே காரணத்துக்காக அவள் செய்ததையெல்லாம் துடைத்துவிடுவது, பாதிக்கப்பட்ட பெண்ணுக்குச் செய்யும் இரண்டாவது அநியாயம்.

என் மகளுக்கு 13 வயது. படிக்க விடலாமா?

யங் அடல்ட் என்ற முத்திரை 12இலிருந்து 18 வரை நீள்கிறது. 13க்கும் 17க்கும் எவ்வளவு தூரம் என்று உங்களுக்கே தெரியும். இந்த வகையில் மிகப் பிரபலமான தொடர்களில் ஒன்று இளையோர் நூலாக வெளிவந்து, பிறகு பெரியவர்கள் பிரிவுக்கு மாற்றப்பட்டது. எனவே அட்டையில் போட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். முதல் 50 பக்கம் நீங்களும் படியுங்கள். இப்போது பல புத்தகங்களின் தொடக்கத்தில் உள்ளடக்க எச்சரிக்கை இருக்கிறது, அதையும் பாருங்கள்.

பேயும் ரத்தமும் பிள்ளைகளைப் பெரிதாகக் கெடுக்காது என்பது என் எண்ணம். நூற்றாண்டுக் கணக்கில் வாழ்ந்த ஆண் ஒருவன் 17 வயதுப் பெண்ணை அதட்டுவதையும் பின்தொடர்வதையும் காதலென்று காட்டும் புத்தகங்கள்தான் எனக்குக் கவலை தருகின்றன. அப்படியொன்றை அவள் ஏற்கெனவே படித்திருந்தால் பிடுங்கிப் பூட்டி வைக்காதீர்கள். அந்த இளவரசன் உனக்குப் பிடித்திருக்கிறதா, ஏன் என்று கேட்டுப் பேசுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது?

பழையவற்றிலிருந்து. கிரிம் முதல் பதிப்பு முழுவதையும் ஜாக் ஜைப்ஸ் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 2014இல் வெளியிட்டார். அதில் பத்துக் கதை படித்தாலே கண் திறக்கும். அடுத்து ஏஞ்சலா கார்ட்டரின் 1979ஆம் ஆண்டு மறுபுனைவுத் தொகுப்பு, 'த பிளடி சேம்பர்'. அது பெரியவர்களுக்கானது, 17க்குக் கீழே வேண்டாம், ஆனால் பின்னால் வந்த பலருக்கு வழி திறந்துவிட்டது அதுதான். இளையவர்கள் மரிஸா மேயர் 2012இல் தொடங்கிய 'த லூனார் கிரானிக்கிள்ஸ்' நாவல் தொடரில் ஆரம்பிக்கலாம். அதில் சின்ட்ரெல்லா எதிர்கால பெய்ஜிங்கில் பாதி இயந்திர உடம்போடு வாழும் மெக்கானிக். இருள் மிதமாகவே இருக்கும்.

நானே எழுதலாமா? காப்புரிமைப் பிரச்சினை வருமா?

பெரோ, கிரிம், ஆண்டர்சன் கதைகள் பொதுச் சொத்து. யாரும் எடுத்து எழுதலாம். சினிமா சேர்த்தவற்றில்தான் ஜாக்கிரதை தேவை. கிரிம் கதையின் ஏழு குள்ளர்களுக்குப் பெயர் கிடையாது, நாம் அறிந்த பெயர்கள் 1937 படத்தில் வந்தவை. ஆண்டர்சனின் கடற்கன்னிக்கும் பெயரில்லை. ஏரியல் என்ற பெயரும் அந்தச் சிவப்புத் தலைமுடியும் 1989 படத்துக்குச் சொந்தம். பழைய அச்சு வடிவத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினால் இந்தக் குழப்பம் வராது.

தமிழில் எழுதினால் பனிக்காடும் கோட்டையும் வைத்தே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. இந்தக் கதைகள் நம் பக்கமும் வேறு உடுப்பில் இருக்கின்றன. ஏ. கே. ராமானுஜன் கன்னடத்தில் சேகரித்த ஹஞ்சி கதையில், கூடப் பிறந்தவனே தன்மேல் ஆசைப்படுவதால் ஒரு பெண் வீட்டைவிட்டு வெளியேறுகிறாள். முகத்தில் மண் முகமூடி போட்டுக்கொண்டு இன்னொரு வீட்டில் வேலை செய்து பிழைக்கிறாள். பெற்ற தந்தையே மணக்கத் துடித்ததால் கழுதைத் தோலைப் போர்த்திக்கொண்டு ஓடிய பெண்ணை பெரோவும் பாடியிருக்கிறார். இரண்டும் ஒரே குடும்பத்துக் கதைகள் என்று ஆய்வாளர்கள் வகைப்படுத்துகிறார்கள். முகமூடிக்குள் வேர்க்கும், மூச்சு முட்டும், அதைக் கழற்ற அவளுக்கு ஒரு தனி இடம் வேண்டும். ஒரு நாவலைத் தொடங்க எனக்கு இவ்வளவு போதும்.